யார் யாருக்கு வழி விடுவது? திருவிதாங்கூர் சாலைகளின் சாதி வரலாறு

மார்த்தாண்டத்தில் ஏதாவது ஒரு சாயாக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணன் ஒருவர் இந்தப் பேச்சை எடுத்துவிடுவார். "அங்கெல்லாம் மனுஷன் ரோட்டுல கால வச்சா வண்டி நிக்கும் மக்களே. இங்க மனுஷன் நின்னா அவன் மேல வண்டி ஏறும்." சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். கடைசியில் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் முடியும்: "நம்ம ஆளுகளுக்கு ஒழுக்கம் ரத்தத்துலயே கிடையாது."

நாங்களும் பலமுறை தலையாட்டியிருக்கிறோம். பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. அதே அண்ணன் மஸ்கட்டில் பத்து வருடம் கோடு தாண்டாமல் வண்டி ஓட்டியவர். ஊருக்கு வந்த மறுநாள் பம்மம் பக்கம் எதிர்த்திசையில் பைக்கை விடுகிறார், முன்னால் போகும் கிழவரைப் பார்த்து ஹாரனை அழுத்திக்கொண்டே. நான்கு மணி நேர விமானப் பயணத்தில் யாருக்கும் ரத்தம் மாறுவதில்லை. அங்கே கேமராவும் அபராதமும் இருக்கின்றன என்பது பாதி பதில். மீதிப் பாதியை வரலாற்றில் தேட வேண்டும். சாலையில் யார் நிற்பது, யார் போவது, யார் யாருக்கு ஒதுங்குவது என்பதற்கு நம் மண்ணில் விதிமுறைகள் இல்லாமல் இருந்ததே இல்லை. மிகக் கறாரான விதிமுறைகள் இருந்தன. அவை அடிகளில் அளக்கப்பட்டன.

1956 நவம்பர் 1 வரை நம் பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்தது (கடைசி ஏழு ஆண்டுகள் திருவிதாங்கூர்-கொச்சி). லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் மாட்டீர் இங்கே, நமக்குப் பக்கத்தில் உள்ள பாறசாலையிலும் பின்னர் திருவனந்தபுரத்திலும், பல ஆண்டுகள் பணியாற்றினார். 1871-ல் வெளிவந்த தன் நூலில் அவர் ஒரு கணக்கைப் பதிவு செய்கிறார். நாயர் நம்பூதிரியை நெருங்கலாம், தொடக்கூடாது. ஈழவர் 36 அடி வைப்புத் தூரத்தில் நிற்க வேண்டும். புலையர் 96 அடி வைப்புத் தூரத்தில். நாயரிடமிருந்து ஈழவருக்கு 12, புலையருக்கு 66. பறையர் அதற்கும் அப்பால். இங்கே அடி என்பது அளவுகோல் அடி அல்ல, காலடி.

இதைப் படிக்கும் மாணவர்கள் ஒருமுறை தெருவில் இறங்கி 96 காலடி நடந்து பாருங்கள். மார்த்தாண்டம் சந்தையின் ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் போய்விடுவீர்கள். பழைய திருவிதாங்கூரின் கிராமத்து வழிகள் எத்தனை அகலம் இருந்திருக்கும்? எதிரே ஒரு நம்பூதிரி வந்தால் ஒரு புலையர் 96 காலடி தள்ளி நிற்க வழியில் இடமேது? வயலுக்குள் இறங்க வேண்டும், சேற்றில் நிற்க வேண்டும், புதருக்குள் மறைய வேண்டும். தலையில் சுமை இருந்தாலும் இடுப்பில் குழந்தை இருந்தாலும் இதே கதிதான்.

எதிரே யார் வருகிறார் என்று 96 காலடிக்கு முன்பே எப்படித் தெரியும்? அதற்குத்தான் கூவல். ஆதிக்கச் சாதியினர் நடக்கும்போது "போ, போ" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவார்கள், அல்லது ஆளை முன்னால் அனுப்பிக் குரல் கொடுக்கச் சொல்வார்கள். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபாரில் இருந்த போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசாவே இந்தக் கூவலை எழுதி வைத்திருக்கிறார். விலகாதவரை வெட்டிப்போடலாம் என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார். பல இடங்களில் ஒடுக்கப்பட்டவர்களும் தாங்கள் வருவதைத் தாங்களே கத்தி அறிவிக்க வேண்டியிருந்தது.

இன்றைய ஹாரன் அந்தக் கூவலின் பேரப்பிள்ளை என்று எங்களால் நிரூபிக்க முடியாது. ஆனால் நம் ஊரில் ஹாரன் என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். "நான் வருகிறேன், கவனம்" என்பதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட கருவி அது. "நான் வருகிறேன், விலகு" என்றுதான் இங்கே அதை அடிக்கிறோம்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1855-ல் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. 1865-ல், பொதுச் சாலைகள் எல்லா வகுப்பினருக்கும் திறந்தவை என்று அரசு அறிவித்தது. 1884-ல் அதையே மறுபடியும் உறுதிப்படுத்தியது. பிறகு என்ன தடை? நீதிமன்றம் சாலையை இரண்டாகப் பிரித்தது. அரசாணை சொல்வது ராஜவீதிகளைத்தான், கிராமவீதிகளுக்கு அது பொருந்தாது என்று விளக்கம் தரப்பட்டது. சந்தை, கோயில், குளம், வீடு எல்லாம் இருப்பது கிராமவீதியில். ராஜவீதியில் நடக்கலாம், ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போக முடியாது. ஆணையை மறுக்காமலேயே அதைச் செல்லாததாக்கும் இந்த வித்தையை நம் தோழர்கள் இன்றும் வட்டாட்சியர் அலுவலகங்களில் பார்த்திருப்பீர்கள்.

இந்த இடத்தில்தான் ஒரு மாட்டுவண்டி வருகிறது. விழிஞ்ஞம் அருகே வெங்ஙானூரில் 1863-ல் புலையர் குடும்பத்தில் பிறந்த அய்யங்காளி, 1893-ல் ஒரு வில்வண்டி வாங்கினார். வில் பொருத்திய, பெரிய மனிதர்கள் மட்டுமே ஏறிப்போகும் சவாரி வண்டி அது. இரண்டு வெள்ளைக் காளைகள், கழுத்தில் வெண்கல மணிகள். வெள்ளை வேட்டி, மேலாடை, தலைப்பாகை. இவை ஒவ்வொன்றும் அவருக்கு மறுக்கப்பட்டவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் அணிந்து, தடுக்கப்பட்ட சாலையில் வண்டியை ஓட்டினார். மறித்தவர்களுக்கு முன்னால் அவர் கத்தியை உருவிக் காட்டியதாகச் சொல்வார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர் மனு கொடுக்கவில்லை. வழி விடுங்கள் என்று கெஞ்சவும் இல்லை. காளையின் கழுத்து மணி ஒலித்தது. "போ, போ" என்ற கூவலைக் கேட்டுச் சேற்றில் இறங்கிய ஒரு சமூகத்திலிருந்து வந்தவரின் வண்டி இப்போது ஒலி எழுப்பிக்கொண்டு வருகிறது. அந்த மணிச்சத்தம் மறித்தவர்களின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறோம்.

1898-ல் அடுத்த மோதல். சந்தைக்குச் செல்லும் உரிமைக்காக அய்யங்காளியும் தோழர்களும் நடந்து போனபோது பாலராமபுரத்தில் சாலியத் தெருவில் தாக்கப்பட்டார்கள். இவர்களும் திருப்பி அடித்தார்கள். பாலராமபுரம் எங்கோ இல்லை. மார்த்தாண்டத்தை நடுவே பிளந்துகொண்டு திருவனந்தபுரம் போகிறதே, அதே நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர்தான்.

எங்கள் பகுதித் தோழர்களோடு மனம் விட்டுப் பேச வேண்டிய ஒன்றும் இருக்கிறது. குமரி மாவட்டத்தில் சமூகநீதி வரலாறு என்றால் தோள்சீலைப் போராட்டம்தான் முதலில் சொல்லப்படும். சொல்லத்தான் வேண்டும். 1822-ல் தொடங்கி 1859 வரை சந்தைகளிலும் சாலைகளிலும் நாடார் பெண்களின் ரவிக்கைகள் கிழிக்கப்பட்டன. அந்தப் பெண்கள் பின்வாங்காமல் நின்று, 1859 ஜூலை 26 அரச அறிவிப்பைப் பெற்றார்கள். அது மகத்தான போராட்டம். ஆனால் மாட்டீரின் கணக்கைத் திரும்பப் பாருங்கள். 36-க்குப் பின்னால் 96 இருக்கிறது, 96-க்குப் பின்னால் "அதற்கும் அப்பால்" இருக்கிறது. 36-ல் நின்றவர் முன்னேறியபோது 96-ல் நின்றவரையும் கூட அழைத்துப் போனாரா? இந்தக் கேள்வியை நாம் கேட்டால், ஒற்றுமையைக் குலைக்கிறோம் என்கிறார்கள். அண்ணல் அம்பேத்கர் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்: படிநிலைப்பட்ட சமத்துவமின்மை. ஒவ்வொருவருக்கும் மேலே ஒருவர் இருப்பதால் கோபம் வருகிறது, கீழே ஒருவர் இருப்பதால் கோபம் ஆறிவிடுகிறது. சாலையில் இது கண்ணுக்கே தெரியும். லாரிக்கு ஒதுங்கிய கார், ஆட்டோவைப் பார்த்து ஹாரன் அடிக்கும். ஆட்டோ சைக்கிளைப் பார்த்து அடிக்கும். நடந்து போகிறவருக்கு அடிக்க எதுவும் இல்லை.

வைக்கம் போராட்டத்தை எல்லோரும் கோயில் நுழைவுப் போராட்டம் என்று தவறாகச் சொல்கிறார்கள். அது சாலைப் போராட்டம். கோயிலைச் சுற்றிய நான்கு தெருக்களில் நடப்பதுதான் கோரிக்கை. 1924 மார்ச் 30 அன்று முதல் மூவர் தடைப்பலகையைத் தாண்டப் போனார்கள்: புலையரான குஞ்ஞாப்பி, ஈழவரான பாகுலேயன், நாயரான கோவிந்தப் பணிக்கர். ஏப்ரலில் பெரியார் போய்ச் சேர்ந்தார், இரண்டுமுறை சிறைப்பட்டார். அந்தத் தெருக்களில் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் நடக்கலாம் என்பதுதான் இதில் பெரிய கேவலம். 1925 பிப்ரவரியில், சாலைகளைத் திறக்கக் கோரும் தீர்மானம் திருவிதாங்கூர் சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 21, எதிர்ப்பு 22. ஒரே ஒரு வாக்கில் தோற்றது. அந்த ஆண்டு நவம்பரில் போராட்டம் முடிந்தபோது மூன்று பக்கத் தெருக்கள் திறக்கப்பட்டன. கிழக்குப் பக்கம் மூடியே இருந்தது.

இங்கே நம் மாவட்டத்தில் சுசீந்திரம். 1926-ல் டாக்டர் எம்.இ. நாயுடு தலைமையில் கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்கான சத்தியாகிரகம் தொடங்கி, நின்று, 1930-ல் மறுபடி எழுந்தது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகும் எத்தனை ஓட்டுநர்களுக்கு இது தெரியும்? 1936 நவம்பர் 12-ன் கோயில் நுழைவுப் பிரகடனத்துக்குப் பிறகே இந்தத் தடைகள் சட்டப்படி முழுதாக விழுந்தன. எங்கள் தாத்தா பாட்டிமார் காலத்துக் கதை இது. கல்வெட்டுக் காலம் அல்ல.

சரி, வெளிநாடுகளில் மட்டும் மனிதர்கள் பிறவியிலேயே பண்பாளர்களா?

ஜப்பானைத்தான் இன்று சாலை மரியாதைக்கு உதாரணம் காட்டுகிறார்கள். 1862 செப்டம்பரில் யோகோஹாமா அருகே நாமாமுகி என்ற இடத்தில், சத்சுமா பிரபுவின் தந்தை தன் பரிவாரத்தோடு ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தார். எதிரே குதிரையில் வந்த ரிச்சர்ட்சன் என்ற ஆங்கில வணிகர் இறங்கி ஒதுங்கவில்லை. சாமுராய்கள் அந்த இடத்திலேயே அவரை வெட்டிக் கொன்றார்கள். பிரபுக்களின் ஊர்வலம் வந்தால் சாதாரண மக்கள் ஓரமாகப் போய்ப் பணிய வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். "போ, போ" அங்கேயும் இருந்தது.

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களைப் பாருங்கள். அடிமைமுறை ஒழிந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும், வெள்ளையர் எதிரே வந்தால் கறுப்பர் நடைபாதையிலிருந்து இறங்கி நிற்க வேண்டும். கார் வந்தபோது மரியாதை விதியும் காரில் ஏறிக்கொண்டது. பல ஊர்களில் கறுப்பர் ஓட்டும் வண்டி வெள்ளையரின் வண்டியை முந்தக்கூடாது, மண்சாலையில் அவர்மேல் தூசி படலாமா! நாற்சந்தியில் யார் முதலில் வந்தாலும் வெள்ளையருக்கே முதல் வழி. எந்தச் சாலைவிதிப் புத்தகத்திலும் இது அச்சாகவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெட்ரோல் போட, சாப்பிட, இரவு தங்க எங்கே அனுமதிப்பார்கள் என்று தெரியாமல் கறுப்புக் குடும்பங்கள் பயணம் செய்ய முடியவில்லை. அதனால் நியூயார்க் ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன், பாதுகாப்பான இடங்களைத் தொகுத்து 'கிரீன் புக்' என்ற கையேட்டை வெளியிடத் தொடங்கினார். அது முதலில் வந்த ஆண்டு 1936. நம் பிரகடனமும் அதே ஆண்டு.

1955 டிசம்பரில் மாண்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்தார். அந்த ஊரின் கறுப்பு மக்கள் 381 நாள் பேருந்தில் ஏறவில்லை. நடந்தார்கள், கார்களைப் பகிர்ந்துகொண்டார்கள். அப்படிப் பகிர்ந்து ஓட்டியவர்களைப் போலீஸ் நிறுத்தி நிறுத்திச் சின்னச் சின்னப் போக்குவரத்துக் குற்றங்களுக்கெல்லாம் அபராதம் போட்டது. வழிவிடுவது என்பது ஆளின் தகுதியைப் பொறுத்தது என்ற நிலையிலிருந்து, யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது என்ற நிலைக்கு உலகம் தானாக நகரவில்லை. கோடு போட்ட இடத்தில் கால் வைத்தவர் பிச்சைக்காரராக இருந்தாலும் அமைச்சரின் கார் நிற்க வேண்டும். உலகத்துப் போக்குவரத்து விதிகளிலேயே ஆகப் பெரிய சமத்துவ வாக்கியம் இதுதான் என்பது எங்கள் கருத்து. இங்கிலாந்தில் வரிக்குதிரைக் கோடு சட்டப்படி வந்தது 1951-ல்தான்.

இனி இரண்டு வண்டிகள். இரண்டையும் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற நூலில் அம்பேத்கரே எழுதியிருக்கிறார். முதலாவது 1901. அப்போது அவர் சிறுவன். தந்தையைப் பார்க்க அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். இவர்கள் மகர்கள் என்று தெரிந்ததும் எந்த மாட்டுவண்டிக்காரரும் வர மறுக்கிறார். கடைசியில் ஒருவர் இரட்டைக் கூலிக்கு ஒப்புக்கொள்கிறார், ஒரு நிபந்தனையோடு: பிள்ளைகள் ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார். இரண்டாவது 1929. இப்போது அவர் பாரிஸ்டர், கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துப் பட்டம் பெற்றவர். சாலிஸ்கானில் அவரை அழைத்துப் போக மக்கள் டாங்கா பிடிக்கிறார்கள். டாங்காக்காரர் வண்டியை வாடகைக்குத் தருவாராம், தீண்டத்தகாதவரை உட்காரவைத்து ஓட்டமாட்டாராம். விருந்தாளியை நடக்கவைக்க மனமில்லாத மக்கள் தங்களில் ஒருவரையே ஓட்டச் சொன்னார்கள். அவருக்கு ஓட்டத் தெரியாது. வழியில் ஒரு மோட்டார் காரில் மோதப் பார்த்தார்கள். பிறகு ஓடைப் பாலத்தில் சக்கரம் கல்லில் இடித்தது, அம்பேத்கர் தரையில் தூக்கியெறியப்பட்டார், குதிரையும் வண்டியும் ஓடையில் விழுந்தன.

சாலை விபத்துக்குக் காரணங்களாக வேகம், குடி, தூக்கம் என்று போக்குவரத்துத் துறையினர் பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலில் சாதி இல்லை. இந்திய அரசமைப்புச் சட்டத்தை எழுதப்போகும் மனிதர் 1929-ல் செத்திருக்கக்கூடும். ஓட்டத் தெரிந்த ஒருவர் ஓட்ட மறுத்தார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளும் வேறாக இல்லை. சென்னை சட்டமன்றத்தில் 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலை, கிணறு, அலுவலகம் எல்லோருக்கும் திறந்தவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். நாம் அப்போது திருவிதாங்கூரில் இருந்ததால் அது நமக்குப் பொருந்தவில்லை, அது வேறு கதை. தனியார் பேருந்துகள் வந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்தார்கள். இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று ஆணையிட்டார். அவர் நாடார் சமூகத்தில் பிறந்த சுயமரியாதைக்காரர். 36-ல் நின்றவர் திரும்பிப் பார்த்து 96-ல் நிற்பவரை வண்டியில் ஏற்ற முடியும் என்பதற்கு அவரே சாட்சி. மேலே நாங்கள் கேட்ட கேள்வி அவரைப் போன்றவர்களை மறைப்பதற்காக அல்ல.

1997-ல் விருதுநகரில் புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. தேவேந்திரகுல வேளாளர் சமூகத்து வீரனின் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று கிளம்பியவர்களால் தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. இன்று நாம் ஏறும் பேருந்தில் வெறும் 'அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்றிருப்பதன் கதை இது.

இளைய தோழர்கள் ஒரு சட்டப்பிரிவை மனப்பாடம் செய்துவைத்துக்கொள்ளுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, சாதியின் பேரால் யாருக்கும் சாலையைத் தடுக்கக்கூடாது என்று பெயர் சொல்லியே கூறுகிறது. சாலை என்ற சொல் அங்கே தற்செயலாக வரவில்லை என்பது இதுவரை படித்ததிலிருந்து புரிந்திருக்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் இன்னும் விரிவாகப் பேசுகிறது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம். செருப்பு, புத்தாடை அணிவதையோ திருமண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வண்டியிலோ போவதையோ தடுப்பதும் குற்றம். பிரிவு 3(1)(இசட்.ஏ). சட்டப் புத்தகத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமையை எழுதிவைக்க வேண்டிய நாடு உலகில் வேறு எது?

வெறும் முன்னெச்சரிக்கைக்காக எழுதிவைத்ததல்ல அது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டிப்போன ஒரு கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. நீயெல்லாம் புல்லட் ஓட்டலாமா என்று கேட்டே வெட்டினார்கள் என்பது குடும்பத்தின் புகார். ஏன் கைகள்? ஆக்சிலேட்டரைத் திருகுவது கைதான். 1893-ல் அய்யங்காளியின் வில்வண்டியை மறித்தவர்களுக்கு அந்த வெட்டு அந்நியமாகத் தெரியாது.

சாயாக்கடை அண்ணனுக்கு எங்கள் பதிலைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் ஹாரன் அடிச்சா சாதி புத்தியா?" என்று கேட்டார். அப்படிச் சொல்ல வரவில்லை அண்ணே என்றோம். ஒதுங்குவது கேவலம், ஒதுக்குவது கௌரவம் என்று பல நூறு ஆண்டுகள் பழக்கப்பட்ட சாலையில், பிரேக் பிடிப்பவர் தோற்றவராகத் தெரிகிறார். மஸ்கட் சாலையில் யாருடைய தாத்தா யாருக்கு ஒதுங்கினார் என்ற நினைவு உங்களைத் துரத்துவதில்லை. அங்கேயும் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையில் வேறு படிகள் உண்டு, அது உங்களுக்கே தெரியும். அவர் சிரித்தார். அந்தப் படிகளைப் பற்றித்தான் பிறகு வெகுநேரம் பேசினார்.

அடுத்தமுறை மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் பேருந்தில் போகும்போது சன்னலோரம் உட்காருங்கள். களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டினால் பாலராமபுரம் வரும். கைத்தறிக் கடைகளின் பலகைகள் தெரியும். போக்குவரத்து நெரிசலில் வண்டி அங்கே எப்படியும் நிற்கும். நகரத்துக்குள் வெள்ளயம்பலம் சந்திப்பில் அய்யங்காளியின் சிலை இருக்கிறது. அதைச் சுற்றித்தான் எல்லா வண்டிகளும் வளைந்து போகின்றன.